முதிரையடிக்குளத்து விசாரணை

என் அப்பா கொலைகாரர் என்று எங்கள் வாய்க்கால் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. தெரியாது என்றால், ஓம் என்றோ இல்லை என்றோ அவருடைய வாயால் நான் கேட்டதில்லை. நீதிமன்றத்தில் ஓம் என்றாராம். சிறையிலிருந்து வந்து மூன்று போகம் வெட்டியாகிவிட்டது. அந்தக் கதையை எடுத்தால் மனிசன் எழும்பிப் போய் மாட்டுக்குத் தண்ணி வைப்பார். மாடு அப்போதுதான் குடித்து முடித்திருக்கும், திரும்பவும் வைப்பார். எனக்குக் கொதி ஏறும்.

செத்தவர் சங்கக்கடை மனேச்சர் குலேந்திரன். நாங்கள் மீளக் குடியேறி வந்த காலம் அது. உருத்திரபுரத்தில் வயல்கள் காடு பற்றிக் கிடந்தன, வீடு என்று சொல்லத் தகரம்தான். ஒரு விடியற்காலை மனேச்சர் வாய்க்கால் கட்டில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார். எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் எல்லோரையும் பொலிசார் விசாரணை என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு கிழமைக்குள் எல்லோரும் திரும்பி வந்தார்கள், அப்பாவைத் தவிர. செல்வநாயகம் ஒத்துக்கொண்டுவிட்டான் என்றார்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்தவளை அவளுடைய தாய் வந்து வேறு வாங்குக்கு மாற்றிவிட்டுப் போனா.

அம்மாவைக் கேட்டால் அவா இன்னும் மோசம். "அவரே சொல்லாததை நான் என்னெண்டு கேக்கிறது?" என்பா. பிறகு குசினிக்குள் போய்விடுவா. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து எனக்கு விசர் பிடிக்காமல் இருந்ததே பெரிய காரியம்.

வவுனியாவில் படிக்கும்போது விடுதியில் நாங்கள் ஒரு விளையாட்டு விளையாடுவோம். கற்பனையாக ஒரு கொலை. ஆளுக்கொரு மட்டை. நீ யார், அன்று எங்கே நின்றாய், என்ன பார்த்தாய் என்று அந்த மட்டையில் எழுதியிருக்கும். ஒருவருடைய மட்டையில் மட்டும் கொலை செய்தது நீதான் என்று இருக்கும். அவர் பொய் சொல்லலாம், மற்றவர்கள் உண்மைதான் சொல்லவேண்டும். விசாரிக்க ஒருவர் இருப்பார். அவர் எல்லோரையும் கேள்வி கேட்டு முடிந்ததும், ஆள் யார் என்று சபை கை உயர்த்திச் சொல்லவேண்டும். சரியாகப் பிடித்தால் சபைக்கு வெற்றி, பிழையாகப் பிடித்தால் கொலைகாரருக்கு வெற்றி.

வாசிகசாலை ஆண்டு விழாவுக்கு வழக்கம்போலப் பட்டிமன்றம் என்றார்கள். போன வருசப் பட்டிமன்றம் கதிரை எறிவதில் முடிந்தது என்று ஞாபகப்படுத்தினேன். நான்தான் செயலாளர். இந்த முறை புதிதாக அந்தக் கொலை விளையாட்டை வைப்போம் என்று பிடிவாதமாக நாண்டுகொண்டு நின்றேன். இளசுகள் சந்தோசத்தில் துள்ளி, புளுகத்தோடு ஓம் என்றன.

உண்மையில் விழாவும் மண்ணாங்கட்டியும் எனக்கு ஒன்றுதான். எனக்கு வேண்டியது ஒரேயொரு வசனம். சனம் பார்த்துக்கொண்டிருக்க அப்பா எழும்பி "நான் செய்யேல்லை" என்று சொல்லவேண்டும். விளையாட்டுக்கென்றாலும் பரவாயில்லை, இன்னொருவருடைய பெயரிலென்றாலும் பரவாயில்லை. அந்தச் சொல் அவருடைய வாயில் எப்படி வருகிறது என்று ஒருதரம் கேட்டால் போதும், எனக்குப் பிடிபட்டுவிடும் என்று நினைத்தேன்.

அதற்காக முதிரையடிக்குளம் என்று ஒரு ஊரையே கட்டினேன். நூறு வருசத்துக்கு முந்தின காட்டூர். மலேரியா, கரடி, மாட்டு வண்டில், வருசத்துக்கொருதரம் வரும் புடவை வியாபாரி. இந்தக் காலத்துச் சாடையே இருக்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். குளத்துக்குப் பொறுப்பான விதானையார் துருசடியில், தண்ணீர் திறந்துவிடும் இடத்தில், செத்துக் கிடக்கிறார். கொன்றது ஊர்ப் பரியாரி, மருந்தில் நஞ்சு கலந்து. அப்பாவுக்கு வண்டில்காரக் கந்தர். அன்று வண்டில் சில்லு உடைந்து துருசுக்குப் பக்கத்தில் நின்றவர், அவ்வளவுதான். அவருடைய மட்டையில் பெரிய எழுத்தில் எழுதினேன்: நீங்கள் கொலை செய்யவில்லை. கேட்டால் நான் செய்யவில்லை என்று சொல்லுங்கள்.

விசாரணைக்கு நெளுக்குளத்திலிருந்து நுஸ்கி வந்தான். கூடப் படித்தவன், நல்ல பகிடிக்காரன், எந்தக் குரலிலும் கதைப்பான். அப்பாவைப் பற்றி அவனுக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் கேள்வி கேட்க அவனுக்கு வாய் வராது.

"என்ன கஜே, இந்த மட்டையில மட்டும் எழுத்து இவ்வளவு பெருசா இருக்கு?" என்றான்.

"அப்பாவுக்குக் கண் தெரியாது" என்றேன். அப்பா ஊசிக்கு நூல் கோப்பார்.

அப்பாவைச் சம்மதிக்க வைத்ததைச் சொன்னால் அது தனிக் கதை. மூன்று நாள் அவரோடு கதைக்காமல் இருந்தேன். நாலாம் நாள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு "சரி பிள்ளை, வாறன். கதிரையில இருந்தாக் காணும்தானே?" என்றார்.

"இருந்தாக் காணும். கேட்டால் மட்டையில கிடக்கிறதைச் சொல்லுங்கோ."

"மட்டையில என்ன கிடக்கு?"

"நீங்கள் செய்யேல்லை எண்டு கிடக்கு."

அவர் எழும்பிப் போனார். மாடு அன்றைக்கும் இரண்டுதரம் தண்ணி குடித்தது.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை. மழை இருட்டிக்கொண்டு நின்றதால் பந்தலை விட்டுவிட்டு வாசிகசாலை மண்டபத்துக்குள்ளேயே வைத்தோம். பின்பக்கம் அம்மாவும் இன்னும் சில பேரும் கிடாரத்தில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். விளையாட்டு முடியச் சாப்பாடு என்று சொல்லியிருந்தோம். நடுவில் வட்டமாகக் கதிரைகள், சுற்றிவரச் சனம்.

பரியாரி பாத்திரம் விதுசனுக்கு. சொந்தமாக உழவு மிசின் வைத்திருக்கிற பெடியன், ஒன்றுக்கும் அஞ்சமாட்டான், முகத்தில் ஒன்றும் காட்டமாட்டான். விதானையாரின் பெண்சாதி, எங்கள் அடுத்த வீட்டு வடிவம்மா அக்கா. வந்து இருந்ததுமே ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டா, நிற்பாட்டவே முடியவில்லை. உடையார், சிற்றம்பலம் மாமா. அவர் எங்கள் கமக்காரர் அமைப்பின் தலைவர், எந்தக் கூட்டத்திலும் முதல் கதைக்கிறவர். மாமா என்றால் உறவில்லை, வாயால் கூப்பிடுகிற மாமாதான். உடையார் என்றதும் வீட்டுக்குப் போய்ச் சால்வை போட்டுக்கொண்டு வந்தார். அப்பா வட்டத்தின் கரையில் வெள்ளைச் சட்டையோடு இருந்தார். அவருக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாகக் கிடந்தது. அது எப்போதும் அப்படித்தான்.

நுஸ்கி நல்லாகத்தான் தொடங்கினான். துரைத்தனத்துத் தொப்பி ஒன்றை எங்கேயோ எடுத்துப் போட்டிருந்தான். குதிரையிலிருந்து இறங்குவதுபோல உள்ளே வந்தான், சனம் விழுந்து விழுந்து சிரித்தது. விதுசனை மடக்கினான், விதுசன் வழுக்கினான். சிற்றம்பலம் மாமாவை ஒரு கேள்விதான் கேட்டான், அவர் அதற்குக் குளத்தின் சரித்திரத்தையே சொன்னார். வடிவம்மா அக்கா தன் கற்பனைப் புருசனின் நல்ல குணங்களைச் சொல்லி அழ, அவவின் உண்மைப் புருசன் சனத்துக்குள் இருந்து "என்னைப் பற்றி ஒருநாளும் இப்பிடிச் சொன்னதில்லை" என்றார்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. ஒருவரும் ஒருவரையும் காட்டிக்கொடுக்கிறார்கள் இல்லை. அதை நான் யோசித்திருக்கவில்லை. விடுதியில் விளையாடும்போது ஒரு கேள்விக்கு நாலு பேர் "அவன்தான், இவள்தான்" என்று கத்துவோம். இங்கே உண்மை சொல்லவேண்டியவர்களும் "தெரியாது ஐயா" என்கிறார்கள். மட்டையில் பார்த்ததாக எழுதியிருக்கிறது, "நான் காணேல்லை ஐயா" என்கிறார்கள். கேள்வி கேட்கிறவனுக்கு ஒன்றும் சொல்லாமல் இருந்துதான் இந்தச் சனம் இவ்வளவு காலமும் உயிர் தப்பியது. விளையாட்டென்றால் மட்டும் வாய் திறக்குமா? நுஸ்கிக்குக் களைப்பு வந்துவிட்டது. விளையாட்டை விறுவிறுப்பாக்க ஒரு வேலை பார்த்தான். என்னிடம் கேட்காமல் பார்த்தான்.

மண்டபக் கதவை இழுத்துச் சாத்தினான். மேசையில் அடித்தான்.

"உண்மை வரும்வரைக்கும் ஒருத்தரும் வெளியில போகேலாது. சாப்பாடும் இல்லை, தண்ணியும் இல்லை. செய்தவன் எழும்பினால் மற்ற ஆக்கள் வீட்ட போகலாம்."

சனம் சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அப்போதுதான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வடிவம்மா அக்காவைப் பார்த்தார். அவவுக்குச் சீனி வருத்தம். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். மடியில் மட்டையோடு அவவின் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. விளையாட்டுப் புளுகத்தில் அவவும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

அப்பா எழும்பினார். செருப்பைக் கழற்றிக் கதிரைக்குக் கீழே தள்ளினார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, நுஸ்கிக்கு முன்னால் போய் நின்றார்.

"நான்தான் ஐயா" என்றார்.

அது அவருடைய குரல் இல்லை. வீட்டில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. மெல்லிய, தேய்ந்த, மரியாதையான குரல்.

நுஸ்கிக்குத் தெரியும் வண்டில்காரன் கொலைகாரன் இல்லை என்று. மனிசன் மட்டையைப் பிழையாக வாசித்துவிட்டார் என்றுதான் நினைத்திருப்பான். கேள்வியால் வழிக்குக் கொண்டுவரப் பார்த்தான்.

"நீ வண்டிலோடதானே நிண்ட?"

"ஓம் ஐயா."

"அப்ப துருசடிக்குப் போகேல்லையே?"

"போனனான் ஐயா."

"என்னத்தால கொலை செய்த? கத்தியாலயா?"

"ஓம் ஐயா."

"மண்வெட்டியால எண்டும் ஒரு கதை இருக்கே?"

"ஓம் ஐயா. மண்வெட்டியால."

சனம் கொல்லென்று சிரித்தது. நுஸ்கிக்கும் இப்போது பகிடி பிடித்துவிட்டது. தொப்பியைச் சரியாக்கிக்கொண்டு அப்பாவைச் சுற்றி நடந்தான்.

"எங்கடா அந்த மண்வெட்டி? எங்க கொண்டுபோய்ப் போட்ட?"

"எங்க போட்டனான் எண்டு ஐயா சொல்லுங்கோ, நான் அங்க வந்து காட்டுறன்."

சிரிப்பில் மண்டபத்துத் தகரம் அதிர்ந்தது. ஆரோ விசில் அடித்தார்கள். ஐயோ, இது நடிப்பில்லை. இதை அவர் முதலே ஒருதரம் சொல்லியிருக்கிறார். இதே சொல்லை, இதே மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு, வேறொரு அறையில், சிரிக்காத ஆட்களுக்கு முன்னால் சொல்லியிருக்கிறார். நான் கேட்க ஆசைப்பட்ட வசனம் வரவில்லை. ஆனால் எனக்கு விடை கிடைத்துவிட்டது. செய்த மனிசனுக்கு மண்வெட்டி எங்கே என்று தெரிந்திருக்கும்.

"முடிஞ்சுதோ ஐயா? மற்ற ஆக்களை விடுங்கோ" என்றார் அப்பா. "எழுதினதைத் தாங்கோ, கையெழுத்து வைக்கிறன்."

"கை உயர்த்துங்கோ" என்றார் சிற்றம்பலம் மாமா, விசாரணைக்காரனுக்கு முன்னம் தானே. தன் கையை முதல் உயர்த்தினார். சுற்றிவர எல்லாக் கையும் எழும்பியது. விதுசன் பரியாரியும் சிரித்துச் சிரித்துக் கையை உயர்த்தினான்.

"நடிப்பெண்டால் இதெல்லோ நடிப்பு" என்றார் சிற்றம்பலம் மாமா. "பழக்கப்பட்ட மனிசன். வேற ஆருக்கும் இப்பிடி வராது."

சிரித்துக்கொண்டிருந்த சனம் ஒரு கணம் நின்றது. பிறகு அடங்கின குரலில், வாயைப் பொத்திக்கொண்டு, திரும்பவும் சிரித்தது. எனக்கு வந்த கொதியில் கண் தெரியவில்லை. வட்டத்துக்குள் பாய்ந்துபோய் அப்பாவின் கதிரையில் கிடந்த மட்டையைத் தூக்கிப் பிடித்தேன்.

"இஞ்ச பாருங்கோ. வாசியுங்கோ எல்லாரும். அவர் செய்யேல்லை. இதில எழுதிக் கிடக்கு, அவர் செய்யேல்லை."

ஒரு விளையாட்டுக்கு இவள் ஏன் இப்படிக் கத்துகிறாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். சிற்றம்பலம் மாமா சால்வையை மடித்துத் தோளில் போட்டார்.

"ஓம் பிள்ளை" என்றார், ஆறுதலாக. "விளையாட்டில செய்யேல்லைத்தான்."

அதற்கு மேல் என்ன சொல்ல? நான் எழுதின மட்டையை நானே காட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்த ஊரும் நான் கட்டினது, அந்தக் கொலையும் நான் செய்தது. என் கையில் இருந்த ஒரேயொரு அத்தாட்சி அப்பாவின் குரல். அதை இந்த மண்டபத்தில் எல்லோரும்தான் கேட்டார்கள். கேட்டுவிட்டுக் கை உயர்த்தியிருக்கிறார்கள்.

நுஸ்கி கதவைத் திறந்தான். சனம் சோற்றுப் பக்கம் போனது. அப்பா ஒரு கோப்பையில் முதல் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து வடிவம்மா அக்காவிடம் கொடுத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"கஜே, நான் ஏதும் பிழையாச் செய்திட்டனா?" என்று நுஸ்கி கேட்டான். தொப்பி கையில் இருந்தது. அவன்மேல் கோபிக்கவும் எனக்கு வழியில்லை. கேள்வி கேட்கச் சொல்லிக் கூட்டிவந்ததே நான்தான்.

நானும் அப்பாவும் வாய்க்கால் கட்டால் நடந்தே வீட்டுக்குப் போனோம். தூறல் விட்டிருந்தது. அவர் முன்னால், நான் பின்னால். பாதி வழியில் என்னால் முடியவில்லை.

"ஏன் அப்பா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"வடிவம்மாவுக்குக் கை நடுங்கினது."

"அது விளையாட்டு. கதவை நுஸ்கி பகிடிக்குச் சாத்தினவன்."

"தெரியும் பிள்ளை" என்றார். கொஞ்சத் தூரம் நடந்தார். "கதவு சாத்தினாப் பிறகு தெரிஞ்சதெல்லாம் மறந்து போகுது."

நான் ஓடிப்போய் அவருக்கு முன்னால் நின்று வழியை மறித்தேன். "அந்த விசாரணையில ஆருக்குக் கை நடுங்கினது, அப்பா?"

இங்கே மாடும் இல்லை, தண்ணி வாளியும் இல்லை. போக இடமில்லாமல் நின்றார். வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"சிற்றம்பலத்துக்கு. அவனுக்கு நெஞ்சுவருத்தம் எண்டு அவைக்கு என்ன தெரியும்? நிலத்தில கிடந்தவன். அடுத்த முறை அவனைத்தான் கூப்பிடப் போகினம் எண்டு தெரிஞ்சுபோச்சு. கூப்பிட்டால் அவன் திரும்பி வந்திருக்கமாட்டான். ஒருத்தன் எழும்பினால் மற்ற ஆக்களை விடுறம் எண்டவை. விட்டவைதான்."

"இதை நான் சொல்லப் போறன். இப்பவே மண்டபத்துக்குப் போய்ச் சொல்லப் போறன். அந்தாள் சபையில சிரிச்சவர். முதல் கை உயர்த்தினவர் அவர்தான்."

"சொல்லாதை."

"ஏன்?"

"அவனுக்குத் தெரியாது. நான் செய்துபோட்டுத்தான் எழும்பினனான் எண்டு அவன் நம்பிக்கொண்டிருக்கிறான். செய்யாமல் எழும்பினனான் எண்டு தெரிஞ்சால், அண்டைக்கே அவன்ர நெஞ்சு நிண்டுபோம். பிறகு நான் மறியலில இருந்ததெல்லாம் என்னத்துக்கு?"

பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. சிற்றம்பலம் மாமாதான். எங்களைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, ஒரு காலை நிலத்தில் ஊன்றி நின்றார். இவ்வளவு காலத்தில் அவர் அப்பாவுக்காக நின்றது அதுதான் முதல் தடவை. ஒரு கையில் எங்களுக்கென்று ஒரு சோற்றுப் பொதி.

"பிள்ளை கோவிச்சுக்கொண்டு போட்டுது எண்டு உன்ர தாய் தந்துவிட்டவா" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "செல்வநாயகம், நான் பகிடிக்குச் சொன்னனான். மனசில வைச்சிராதை. நீ உன்ர தண்டனையை அனுபவிச்சிட்டு வந்திட்டாய். ஆர் என்ன சொன்னாலும், நான் உன்னை மன்னிச்சிட்டன்."

அப்பா தலையைக் குனிந்து நின்றார். "பெரிய உபகாரம்" என்றார்.

சிற்றம்பலம் மாமாவின் கண் கலங்கியிருந்தது. தான் செய்த நல்ல காரியம் அவருக்கே பிடித்திருந்தது. பொதியை என் பக்கம் நீட்டினார். நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை, என் கையை மட்டும் பிடித்தார். பிடி இறுகிக்கொண்டே போனது.

மற்றக் கையால் பொதியை வாங்கினேன். "சரி மாமா" என்றேன்.